புகையிலையால் நிரம்பிய கஜானா: பிலிப்பைன்ஸில் ஆளுநர் பாஸ்கோ செய்த மாற்றங்கள்

1762ஆம் ஆண்டு, ஜூலை மாதக் கடைசி. மதராஸ் கடற்கரையிலிருந்து ஆங்கிலேயர்களின் போர்க்கப்பல்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. கப்பலில் வெள்ளைக்காரப் படை மட்டும் இல்லை, மதராஸில் சேர்த்த சில நூறு சிப்பாய்களும் இருந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் மணிலா. ஐரோப்பாவில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் போரில் இறங்கிவிட்ட சேதியே மணிலாவுக்கு முறையாக எட்டியிருக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் கப்பல்கள் வந்து நின்றன, அக்டோபர் 6ஆம் தேதி கோட்டை விழுந்தது. இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

1764இல் ஆங்கிலேயர் நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. மதராஸிலிருந்து போன சிப்பாய்களில் சிலர் மணிலாவுக்குக் கிழக்கே இருக்கும் காயின்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் செய்து குடும்பமாகிவிட்டார்கள். அவர்கள் வழி வந்த குடும்பங்கள் அந்த ஊரில் இன்றும் இருக்கின்றன.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு ஸ்பெயின் அரசு எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றியது. இருநூறு ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் ஒரு நாடு ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? இதற்குப் பதில் கொடுக்க வந்தவர்தான் ஹோசே பாஸ்கோ இ வர்காஸ். 1778 முதல் 1787 வரை பிலிப்பைன்ஸின் ஆளுநராக இருந்தவர். அவர் கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று, புகையிலை ஏகபோகம், நூறு ஆண்டு நீடித்தது. ஒரு காலனியின் பொருளாதாரம் எப்படி இயங்கும் என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முதலில், பாஸ்கோ வருவதற்கு முன்பு அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்துவிடலாம்.

ஸ்பானியர்கள் 1565இல் பிலிப்பைன்ஸில் காலூன்றினார்கள், 1571இல் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். ஆனால் அந்தத் தீவுகளை ஸ்பெயினிலிருந்து நேராக ஆளவில்லை. பசிபிக் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மெக்சிகோவின் வழியாகத்தான் ஆண்டார்கள். மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய கப்பல்கள் போய்வரும். கேலியன் என்று பெயர். அங்கிருந்து வெள்ளி வரும். இங்கிருந்து சீனப் பட்டும் பீங்கானும், இந்தியத் துணியும் போகும்.

அந்த இந்தியத் துணியில் சோழமண்டலக் கரையில் நெய்ததும் உண்டு. மணிலாவில் ஐரோப்பியக் கப்பல்களுக்கு அனுமதி கிடையாது என்பது ஸ்பெயினின் சட்டம். மதராஸில் இருந்த ஆங்கிலேய வணிகர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆர்மீனிய வணிகர்கள், முஸ்லிம் வணிகர்கள் பெயரில் கப்பலை அனுப்பினார்கள். மணிலாவில் இருந்தவர்களுக்கும் இது தெரியும். துணி வேண்டுமே, அதனால் பேசாமல் இருந்தார்கள்.

இந்தக் கப்பல் வணிகத்தில் லாபம் மிக அதிகம், உழைப்பு மிகக் குறைவு. கேலியனில் சரக்கு ஏற்றும் இடத்தைப் பங்கு பங்காகப் பிரித்து, அதற்கு போலெத்தா என்ற சீட்டு கொடுப்பார்கள். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சரக்கு ஏற்றும் உரிமை. சரக்கு வாங்கக் கையில் பணம் இல்லாதவர் சீட்டை விற்றுவிடலாம். பணம் தேவைப்படுகிறவருக்குத் தர்ம ஸ்தாபனங்களே வட்டிக்குக் கடன் கொடுத்தன. ஆக, மணிலாக் கோட்டைக்குள் இருந்த ஸ்பானியக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சரக்கை ஏற்றிவிட்டு, கப்பல் திரும்பும் வரை காத்திருந்தால் போதும். கப்பல் வந்தால் வருஷம் ஓடும். புயலில் மூழ்கினாலோ எதிரி பிடித்துக்கொண்டு போனாலோ ஊரே கடனில் விழும். 1762இல் அப்படித்தான் ஆனது. சாந்திஸிமா திரினிதாத் என்ற கேலியனை ஆங்கிலேயர்கள் மடக்கிப் பிடித்துவிட்டார்கள்.

கோட்டைக்கு வெளியே லட்சக்கணக்கான மக்கள் நெல் பயிரிட்டார்கள், துணி நெய்தார்கள், மீன் பிடித்தார்கள். அவர்கள் அரசுக்குத் தலைவரி கட்டினார்கள். ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் ஊழியம் செய்ய வேண்டும். மரம் வெட்டுவது, கப்பல் கட்டுவது, பாலம் போடுவது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்த நிலத்தில் என்ன விளையும், அதை எங்கே விற்கலாம் என்று மணிலாவில் இருந்தவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

நிர்வாகச் செலவுக்கு என்ன செய்தார்கள்? அதற்கும் மெக்சிகோதான். அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டும் கேலியனில் ஒரு தொகை வரும். அதற்கு சிதுவாதோ என்று பெயர். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பேசோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. (பேசோ என்பது அக்காலத்தில் உலகமெங்கும் செல்லுபடியான ஸ்பானிய வெள்ளி நாணயம்.) சிப்பாய்க்குச் சம்பளம், அதிகாரிக்குச் சம்பளம், பாதிரியார்களுக்குப் படி எல்லாமே அந்தக் கப்பலை நம்பித்தான் இருந்தன. கப்பல் வரத் தாமதமானால் சம்பளமும் தாமதம்.

1762இல் மணிலா விழுந்ததும் இந்த ஏற்பாடு எவ்வளவு ஆபத்தானது என்பது வெளிச்சமாகிவிட்டது. இன்னொரு அதிர்ச்சியும் இருந்தது. நகரம் எதிரி கையில் இருந்த நேரத்தில் வடக்கே இலோகோஸ் பகுதியில் தியேகோ சிலாங் என்பவர் தலைமையில் மக்கள் எழுந்தார்கள். 1763 மே மாதம் அவரைக் கொன்றதும் அவர் மனைவி கப்ரியேலா தலைமை ஏற்றுப் போராடினார். சில மாதங்களில் அவரையும் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். வரிக்கும் ஊழியத்துக்கும் உட்பட்ட மக்கள் ஸ்பெயினின் பக்கம் நிற்பார்கள் என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற நிலை.

அப்போது ஸ்பெயினின் மன்னர் மூன்றாம் கார்லோஸ். போர்போன் வம்சத்தவர். தன் சாம்ராஜ்யம் முழுவதிலும் நிர்வாகத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும், வருமானத்தைப் பெருக்க வேண்டும், பழைய சலுகைகளை வெட்ட வேண்டும் என்று முனைந்தவர். இந்த முயற்சிகளை மொத்தமாகப் போர்போன் சீர்திருத்தங்கள் என்பார்கள். மெக்சிகோவிலும் பெருவிலும் கியூபாவிலும் நடந்ததன் கிழக்குக் கிளைதான் பாஸ்கோ மணிலாவில் செய்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பாஸ்கோ தெற்கு ஸ்பெயினில் ரோந்தா என்ற மலை ஊரில் பிறந்தவர், கடற்படை அதிகாரி. 1778 ஜூலையில் மணிலா வந்து பொறுப்பேற்றார். வந்த உடனேயே பிரச்சினை. மணிலாவில் ஔதியென்சியா என்று ஒரு உயர் நீதிமன்றம் இருந்தது. நீதி வழங்குவதோடு ஆளுநரைக் கண்காணிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. அதில் இருந்த பெரிய மனிதர்களுக்கு, கடற்படையில் நடுத்தரப் பதவியில் இருந்த ஒருவர் வந்து தங்களுக்கு மேலே உட்காருவது பிடிக்கவில்லை. அவரைக் கவிழ்க்கச் சதி நடந்தது. பாஸ்கோ சதிகாரர்களைப் பிடித்து ஸ்பெயினுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். ஆள் கொஞ்சம் கறாரானவர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1779இல் அவர் ஒரு பொதுப் பொருளாதாரத் திட்டத்தை வெளியிட்டார். அதன் சாரம் எளிமையானது. இந்தத் தீவுகளின் செல்வம் கேலியனில் இல்லை, மண்ணில் இருக்கிறது. பருத்தி, அவுரி, மிளகு, கரும்பு, பட்டு என்று வெளியே விலைபோகும் பொருள்களை இங்கேயே விளைவித்தால் மெக்சிகோவை நம்பி நிற்க வேண்டாம். நன்றாக விளைவிப்பவர்களுக்குப் பரிசு கொடுப்போம் என்றும் அறிவித்தார்.

இதைச் செயல்படுத்த 1781இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால், நாட்டு நண்பர்களின் அரச பொருளாதாரச் சங்கம். ஸ்பெயினில் பாஸ்க் பகுதியில் 1765இலும் மத்ரித்தில் 1775இலும் இதே மாதிரிச் சங்கங்கள் தோன்றியிருந்தன. படித்தவர்கள் கூடி, விவசாயம் எப்படி மேம்படும், புதுத் தொழில் என்ன தொடங்கலாம், சாதாரண மக்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று பேசும் சபை அது. மணிலாச் சங்கத்திலும் விவசாயம், கைத்தொழில், வாணிகம், மக்கள் கல்வி என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன.

இந்தச் சங்கத்தை நான் ரொம்பவே மதிக்கிறேன். இந்த மண்ணில் என்ன விளையும் என்ற கேள்வியை ஒரு சபை கூட்டி, முறையாகக் கேட்டது அந்த ஆட்சியில் அதுவே முதல் தடவை. அவுரிச் சாயம் காய்ச்சக் கற்றுக்கொண்டு அதை ஏற்றுமதி வரை கொண்டுபோனார்கள். மணிலா இருக்கும் பெரிய தீவான லூசோனின் தெற்கே காமரினெஸ் பகுதியில் பட்டுப்புழு வளர்க்க லட்சக்கணக்கில் முசுக்கொட்டைச் செடி நட்டார்கள்.

ஆனால் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கரையில் சீனா. பல நூறு ஆண்டு அனுபவத்தில் அவர்கள் நெய்த பட்டு மணிலா வாசலில் மலிவாகக் கிடைக்கும்போது, நேற்று நட்ட முசுக்கொட்டைச் செடி எப்படிப் போட்டி போடும்? மிளகுக் கொடி காய்க்கச் சில ஆண்டு ஆகும். அதுவரை விவசாயி எதைச் சாப்பிடுவார்? விளைந்தால் என்ன விலைக்கு யார் வாங்குவார்கள்? பரிசு கொடுப்பதாக அறிவித்த சங்கத்திடம் இதற்கெல்லாம் உறுதியான பதில் இல்லை. பாஸ்கோ ஊரைவிட்டுப் போனதும் சங்கமும் சோர்ந்துபோனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி உயிர் பெற்றது. அப்போது வெட்டுக்கிளியை ஒழிக்கச் சீனாவிலிருந்து ஒரு வகை மைனாவைக் கொண்டுவந்து விட்டார்கள். மார்தினெஸ் என்று அங்கே அழைக்கப்படும் அந்தப் பறவை இன்றும் லூசோனில் இருக்கிறது.

சரி, பயிரிலிருந்து வரும் வருமானம் எப்போது வருமோ. ஆளுநருக்குப் பணம் உடனே வேண்டும். கோட்டையைப் பலப்படுத்த வேண்டும், தெற்கிலிருந்து வரும் கடல் கொள்ளையைத் தடுக்கப் படகு கட்ட வேண்டும், படைக்குச் சம்பளம் தர வேண்டும். அங்கேதான் புகையிலை வருகிறது.

புகையிலை பிலிப்பைன்ஸின் சொந்தப் பயிர் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பானியர்கள்தான் மெக்சிகோ வழியாகக் கொண்டுவந்தார்கள். வந்த வேகத்தில் பரவியது. பாஸ்கோ காலத்தில் ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்று வித்தியாசம் இல்லாமல் புகைத்தார்கள். வீட்டுக் கொல்லையில் நாலு செடி இருக்கும். தேவைக்குப் பறித்துக் காயவைத்துச் சுருட்டிக்கொள்வார்கள், மிஞ்சினால் சந்தையில் விற்பார்கள்.

இதை அரசின் ஏகபோகமாக்குவதுதான் திட்டம். ஸ்பானிய மொழியில் எஸ்தாங்கோ. ஸ்பெயினில் இது ஏற்கெனவே இருந்தது, மெக்சிகோவில் 1765இல் வந்தது. மணிலாவிலும் பாக்கும், நீபா என்ற பனை வகை மரத்தின் சாராயமும் முன்பே அரசின் பிடியில் இருந்தன. ஆகவே யோசனை புதிது இல்லை, அளவுதான் புதிது. 1780இல் மன்னரின் ஆணை பிறந்தது. 1782 மார்ச் 1ஆம் தேதி லூசோனில் நடைமுறைக்கு வந்தது.

ஏகபோகம் என்றால் என்ன? ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். ஊரில் எல்லோரும் வெற்றிலை போடுகிறவர்கள். பத்துப் பேர் கொடிக்கால் வைத்திருக்கிறார்கள், இருபது பேர் கடை போட்டிருக்கிறார்கள். ஒருவர் விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். திடீரென்று ஒரு நாள், இனி ஒரே கடைதான், அது சர்க்கார் கடை என்று தண்டோரா போடுகிறார்கள். விலையை அந்தக் கடை வைத்ததுதான். இது விற்பனை ஏகபோகம். இதோடு நிற்காமல், கொடிக்கால் வைத்தவர் அந்த ஒரே கடைக்குத்தான் வெற்றிலை கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டால்? இப்போது வாங்குகிறவரும் ஒருவரே. கவுளிக்கு 2 ரூபாய் கொடுத்து வாங்கி 10 ரூபாய்க்கு விற்றாலும் இரண்டு பக்கமும் யாரும் வாய் திறக்க முடியாது. நடுவில் நிற்கும் 8 ரூபாய் சர்க்காருக்கு.

பாஸ்கோ செய்தது இந்த இரண்டாவது வகை. பயிரிடுவது, வாங்குவது, சுருட்டுவது, விற்பது என்று நான்கு கட்டமும் அரசின் கையில்.

பொருளாகப் புகையிலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. அது பழக்கம். அரிசி விலை ஏறினால் கிழங்கு சாப்பிடலாம், துணி விலை ஏறினால் பழையதைத் தைத்துக்கொள்ளலாம். புகையிலைக்குப் பழகியவர் விலை ஏறினாலும் லேசில் விடமாட்டார். அதனால் வருமானம் குறையாது. அப்புறம், எல்லோரும் புகைப்பதால் இது எல்லோர் மேலும் விழும் வரி. ஆனால் வரி என்ற பெயர் இல்லை. தலைவரியைக் கூட்டினால் கலகம் வரலாம். இதில் அந்த பயம் கொஞ்சம் குறைவு என்று நினைத்திருப்பார்கள்.

நடைமுறையில் எப்படி இயங்கியது? குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் பயிரிடலாம். முதலில் மத்திய லூசோனில் காப்பான் என்ற ஊரைச் சுற்றி. பிற்பாடு வடக்கே ககயான் பள்ளத்தாக்குதான் இதன் தலைமையிடம் ஆனது. அந்த இடம் இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் மலைத்தொடர், நடுவில் ககயான் ஆறு. மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரையெல்லாம் வண்டல் படியும். வெள்ளம் வடிந்ததும் அந்த வண்டலில் நடும் புகையிலைக்கு வேறு உரமே வேண்டாம். அதோடு, பள்ளத்தாக்கிலிருந்து வெளியே வர வழி குறைவு என்பதால் கள்ளத்தனமாகக் கடத்துவதும் கடினம். கண்காணிக்கிறவர்களுக்கு அது வசதி.

மற்ற இடங்களில் ஒரு செடி வைத்தாலும் குற்றம். கொல்லையில் நாலு செடி வைத்திருந்த குடும்பம் ஒரே நாளில் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிட்டது. இதைப் பிடிக்க ரெஸ்குவார்தோ என்ற காவல்படை. அவர்கள் எந்த நேரமும் வீட்டுக்குள் நுழையலாம், தேடலாம். கெடுபிடியும் லஞ்சமும் பெருகின. பிடிக்காத ஆள் வீட்டில் நாலு இலையைப் போட்டுவிட்டுப் பிடித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

பயிரிட அனுமதி பெற்ற இடத்தில் இருந்தவர் பாடு இன்னும் மோசம். குடும்பத்துக்கு இத்தனை செடி என்று கணக்குக் கொடுத்துவிடுவார்கள், அதை நட்டே ஆக வேண்டும். நாற்று விட்டு, நட்டு, புழு பொறுக்கி, கொழுந்து கிள்ளி, இலை ஒடித்து, கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துப் பாடம் செய்வது வரை குழந்தைகள் உட்பட வீடே உழைக்க வேண்டும். பிறகு அரசு அதிகாரி வந்து இலையைத் தரம் பிரிப்பார். நீளம், நிறம், ஓட்டை பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று விலை. தரம் போதவில்லை என்றால் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கிய இலையை விவசாயி வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, எரித்துவிடுவார்கள். தன் கையால் வளர்த்த இலையில் ஒன்றைச் சுருட்டிப் பற்றவைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. புகைக்க வேண்டுமா? எஸ்தாங்கில்யோ என்ற அரசுக் கடைக்குப் போய், தனக்குக் கிடைத்த விலையைவிடப் பல மடங்கு கொடுத்துத் தன் ஊர்ப் புகையிலையையே வாங்க வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வரிக் கொடுமையைப் பற்றி எவ்வளவோ படிக்கிறோம். எரியும் இலைக்குவியலின் முன்னால் நிற்கும் அந்த ஆளின் முகத்தை நினைத்துப் பார்ப்பது வேறு.

நெல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையிலைக்கு ஒதுக்கிய நிலத்திலும் நேரத்திலும் நெல் போட முடியாது. ஆக, புகையிலைக் குடியானவர் அரிசியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் காசு புகையிலை விற்றுத்தான் வர வேண்டும். அரசு பணத்தை நேரத்துக்குக் கொடுத்தால் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கஜானா தள்ளாடியபோது, காசுக்குப் பதிலாகக் கடன் சீட்டு கொடுத்தார்கள். பின்னால் தருகிறோம் என்று. பசி காத்திருக்காது இல்லையா? அந்தச் சீட்டை ஊரில் கையில் பணம் வைத்திருந்தவர்களிடம் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கடத்தல் ஓர் ஊரின் இரகசியமாக இல்லாமல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஸ்பெயினின் ஆட்சிக்குள் வராத கோர்தில்யேரா மலைகளில் இகொரோத் மக்கள் தாங்களே புகையிலை பயிரிட்டு சமவெளிக்கு இறக்கி விற்றார்கள். அந்தச் சந்தையை உடைக்கவே 1829 முதல் கில்யெர்மோ கால்வே என்ற அதிகாரி மலைக்குள் படையெடுத்துப் போய் வயல்களையும் வீடுகளையும் எரித்தார். கரும்புச் சாற்றில் செய்யும் பாசி என்ற மது இலோகோஸ் மக்களுக்குப் பண்டிகைக்கும் துக்கத்துக்கும் வேண்டியது. அதன் மேலும் இதே மாதிரிக் கட்டுப்பாடு வந்தபோது 1807 செப்டம்பரில் பித்திக் என்ற ஊரிலிருந்து கலகம் கிளம்பியது. அதை ஒடுக்கிய காட்சிகளை 1821இல் எஸ்தேபான் வில்யனுவேவா என்ற உள்ளூர் ஓவியர் 14 படங்களாக வரைந்து வைத்திருக்கிறார்.

அரசின் கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது? அதில் பார்த்தால் மகத்தான வெற்றி. 1808இல் நிகர லாபம் ஐந்து லட்சம் பேசோ என்பது பிலிப்பைன்ஸ் பாடப் புத்தகங்களில் வரும் எண். மெக்சிகோவிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டரை லட்சத்தோடு இதை வைத்துப் பாருங்கள். கடைசி கேலியன் 1815இல் ஓடியது. 1821இல் மெக்சிகோ சுதந்திரம் பெற்றது, சிதுவாதோ நின்றுபோனது. அந்த நேரத்தில் மணிலா அரசு திவாலாகாமல் நின்றதற்கு முக்கியமான காரணம் புகையிலைப் பணம். மணிலாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். மணிலாச் சுருட்டு உலகமெங்கும் பெயர் பெற்றது.

பாஸ்கோ கேட்டது என்ன? மெக்சிகோவின் கையை எதிர்பார்க்காத ஒரு பிலிப்பைன்ஸ். அது கிடைத்துவிட்டது. ஆனால் சங்கம் தொடங்கும்போது அவர் சொன்னது மக்கள் விளைவித்து, விற்று, வளம் பெறுவதைப் பற்றி. கிடைத்ததோ மக்கள் விளைவித்து, அரசு விற்று, அரசு வளம் பெற்றது. இரண்டையும் சீர்திருத்தம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம் என்பதுதான் இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது. அவர் மனதறிந்து ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. முதல் வழி மெதுவானது, இரண்டாவது வழி உடனே பணம் தந்தது. கஜானாவுக்கு எது பிடிக்குமோ அது நிலைத்தது.

அவர் காலத்தில் நடந்த இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1785 மார்ச் 10ஆம் தேதி மன்னர் கார்லோஸ் அரச பிலிப்பைன்ஸ் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். பிரான்சிஸ்கோ கபாருஸ் என்ற நிதி வல்லுநரின் யோசனை. மெக்சிகோவைச் சுற்றாமல் ஸ்பெயினுக்கும் மணிலாவுக்கும் நேராகக் கப்பல் விடுவது நோக்கம். மூலதனம் 80 லட்சம் பேசோ. லாபத்தில் 4 சதவீதத்தைப் பிலிப்பைன்ஸ் விவசாயத்துக்குச் செலவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. மணிலா வணிகர்களுக்கு இது அறவே பிடிக்கவில்லை, தங்கள் கேலியனுக்குப் போட்டி என்று பார்த்தார்கள். கம்பெனியும் போகப்போகப் பிலிப்பைன்ஸ் விளைபொருளைவிட இந்தியத் துணியிலும் சீனச் சரக்கிலும்தான் நாட்டம் காட்டியது. 1834இல் கலைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, பதானெஸ் தீவுகள். லூசோனுக்கு வடக்கே, தைவானுக்குப் போகும் வழியில், புயல் ஓயாத சின்னச் சின்னத் தீவுகள். அங்கே வாழ்பவர்கள் இவதான் மக்கள். 1782இல் பாஸ்கோ அங்கே ஆள் அனுப்பி, ஸ்பெயின் மன்னரின் குடிகளாக இருக்கச் சம்மதமா என்று கேட்கச் சொன்னார். 1783 ஜூன் 26ஆம் தேதி இவதான் தலைவர்களை ஒரு சமவெளியில் கூட்டி, சம்மதம் வாங்கியதாகப் பதிவு செய்தார்கள். அதற்காக பாஸ்கோவுக்குப் பதானெஸ் தீவுகளை வென்ற பிரபு என்ற பட்டம் கிடைத்தது. சம்மதம் கேட்டு வாங்கியதற்கு வெற்றி என்று பெயரா என்று படிக்கிறவருக்குக் கேட்கத் தோன்றும். சில ஆண்டுகளிலேயே, அரசு ஆட்கள் காசு கொடுக்காமல் மரத்தையும் உணவையும் எடுத்துப்போவதை எதிர்த்து சப்தாங் தீவில் அமான் தாங்கத் என்ற தலைவர் எழுந்தார். 1791இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். தலைவர்களைக் கூட்டிய அந்தச் சமவெளியில் இருக்கும் ஊர்தான் இப்போது மாகாணத் தலைநகர். அதன் பெயர் பாஸ்கோ.

ஆளுநர் 1787இல் பதவியை விட்டு ஸ்பெயினுக்குத் திரும்பினார். புகையிலை ஏகபோகம் அவருக்குப் பின்னும் பல ஆளுநர்களைப் பார்த்தது. 1881இல்தான் அதை ஒழிக்கும் ஆணை பிறந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கடன் சீட்டு, கடத்தல், லஞ்சம் எல்லாம் சேர்ந்து, அரசுக்கே இனி இதை நடத்துவது கட்டுப்படியாகாது என்று ஆகிவிட்டது. அதே 1881இல் பார்சிலோனாவில் ஒரு தனியார் கம்பெனி தொடங்கினார்கள். சுருக்கமாகத் தபகலேரா என்பார்கள். அது ககயான் பள்ளத்தாக்கில் பெரும் பண்ணைகளை வாங்கியது. விதி விலகியதும் தங்களுக்குப் பிடித்த பயிரைப் போடலாம் என்று காத்திருந்த குடும்பங்களில் பல, அந்தப் பண்ணைகளில் குத்தகைக்கு மறுபடியும் புகையிலையே நட்டன.